மூன்று கிராம்

மூன்று கிராம். ஒரு டிஜே தன் ஊசியை இசைத்தட்டின் மேல் இறக்கும்போது அது தட்டின் மேல் அழுத்துகிற கனம் பெரும்பாலும் அவ்வளவுதான். அளவுக்கு மேல் ஏற்றினால் தட்டு தேயும். அளவுக்குக் கீழே போனால் ஊசி பாட்டை விட்டுத் துள்ளி ஓடும்.

தம்பி, கந்தப்பளையில் பிறந்த உனக்குக் கனத்தைப் பற்றி எவனும் வகுப்பு எடுக்கத் தேவையில்லை. உன் அம்மா விடியலில் பிரட்டுக்களத்தில் நின்று, மலை ஏறி, பனியில் நனைந்து, மத்தியானம் கொழுந்து மடுவத்துக்கு வந்து சாக்கைத் தராசில் தொங்கவிடுகிறாள். தராசு முள் ஒரு கணக்குச் சொல்லும். கூலி எழுதுகிற செக்ரோலில் வேறொரு கணக்கு ஏறும். தண்ணிக்கு இத்தனை கிலோ, சாக்குக்கு இத்தனை கிலோ என்று வெட்டு. கொழுந்து குறைந்தால் அரைப்பேர், அரை நாள் கூலிதான். அவள் வாய் திறப்பதில்லை. திறந்தால் நாளைக்கு எந்த நிரை கிடைக்குமோ என்ற பயம்.

இப்போது உன்னை இன்னொரு தராசுக்கு முன்னால் நிறுத்துகிறேன். உள்ளங்கைக்குள் அடங்குகிற மின்தராசு. ஊசியின் கனத்தை ஒரு கிராமில் நூறில் ஒரு பங்குவரை காட்டும். அதில் ஊசியை வைப்பவன் நீ. எண்ணைப் படிப்பவன் நீ. கூட்டுவதும் குறைப்பதும் உன் விரல். நடுவில் நின்று வெட்டுவதற்கு அங்கே ஆள் கிடையாது.

போன பொங்கலுக்கு ஊருக்கு வந்த ஒரு பையன் என்னைத் தேடி வந்தான். கொழும்பில் புடவைக் கடையில் வேலை. யாரோ கழித்துவிட்ட இரண்டு டர்ன்டேபிள்களைச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கி, சாரத்தில் சுற்றி, நுவரெலியா பஸ்ஸில் மடியில் வைத்தே கொண்டுவந்திருந்தான். ஊசிதான் இல்லை. இரண்டு கேள்வி கேட்டான்.

“எந்த ஊசிண்ணே வாங்குறது?”

கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துவிட்டு, “லயத்துப் பிள்ளைங்க நமக்கெல்லாம் இது சரிவருமாண்ணே?”

முதல் கேள்விக்குப் பதில் இருக்கிறது, விரிவாகவே சொல்கிறேன். இரண்டாவது கேள்விக்கு அவனைத் திட்டினேன். தேத்தண்ணி ஆறிப்போகும்வரை திட்டினேன். அதே கேள்வியை மனதுக்குள் வைத்திருக்கிற உன்னையும் திட்டுவதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

சரிவருமா என்று யாரைக் கேட்கிறாய்? 1948-இல் நம்மைக் கேட்காமலே நம் பிரஜாவுரிமையைப் பறித்தார்கள். 1964-இல் இரண்டு நாட்டுப் பிரதமர்கள் உட்கார்ந்து இத்தனை இலட்சம் பேர் அங்கே, இத்தனை இலட்சம் பேர் இங்கே என்று கொழுந்தைப் போல நம்மைப் பங்கு பிரித்தார்கள். அப்போதும் நம்மை யாரும் கேட்கவில்லை. இத்தனைக்கும் பிறகு, ஒரு ஊசி வாங்குவதற்கு நீ இன்னொருவனிடம் அனுமதி கேட்டு நிற்கிறாயா? நிமிர்!

வைனல் தட்டு வெள்ளைக்காரன் விளையாட்டு என்று உனக்கு யார் சொன்னது? இந்தத் தீவில் காற்றில் ஏறிய முதல் ஒலிகளில் ஒன்றே, சுழலும் தட்டின் மேல் ஊசி உரசிய ஒலிதான். 1920-களின் தொடக்கத்தில் எட்வர்ட் ஹார்ப்பர் என்ற பொறியியலாளர் கொழும்பு மத்திய தந்தி அலுவலகத்தின் சின்ன அறையொன்றில் இருந்து கிராமபோன் இசையை ஒலிபரப்பிப் பார்த்தார். அந்த ஒலிபரப்புக் கருவியை அவரும் கூட இருந்தவர்களும் காசு கொடுத்து வாங்கவில்லை. முதல் உலகப் போரில் பிடிபட்ட ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலின் வானொலி உதிரிகளை வைத்துத் தாங்களே கட்டினார்கள். 1925 டிசம்பரில் கொழும்பு வானொலி முறையாகத் தொடங்கியது. கழித்துப் போட்ட சாமானில் இருந்து ஒரு நாட்டின் வானொலியே பிறந்திருக்கிறது. நீயோ கழித்துப் போட்ட டர்ன்டேபிள் என்று வெட்கப்படுகிறாய்!

1950-இல் வர்த்தக ஒலிபரப்பு வந்தது. எஸ்.பி. மயில்வாகனம் பேசினால் பாக்கு நீரிணைக்கு அந்தப் பக்கமும் தேநீர்க் கடையில் கூட்டம் நின்றது. பின்னால் கே.எஸ். ராஜா, ராஜேஸ்வரி சண்முகம், பி.எச். அப்துல் ஹமீத் என்று ஒரு பரம்பரையே வந்தது. தமிழ்நாட்டுக்காரர்கள் தங்கள் ஊர்ப் படப் பாட்டைக் கேட்க நம்முடைய வானொலியைத் திருப்பினார்கள். அந்தக் கலையகத்தின் உயிர்நாடி இசைத்தட்டு. இவர்கள் யாரும் தங்களை டிஜே என்று சொல்லிக்கொள்ளவில்லை, அறிவிப்பாளர் என்றார்கள். ஆனால் பேச்சு முடிகிற அதே நொடியில் பாட்டு எழ வேண்டும் என்றால் வானொலி நிலையத்தில் என்ன செய்வார்கள் தெரியுமா? பாட்டின் முதல் ஒலியில் ஊசியை நிறுத்துவார்கள். தட்டைக் கையால் கால் சுற்றோ அரைச் சுற்றோ பின்னால் திருப்பி வைத்துக் காத்திருப்பார்கள். இன்று மேடையில் டிஜே செய்வதும் அதே வேலைதான். பாட்டைத் தயார் நிலையில் நிறுத்தி, சரியான அடியில் விடுவது.

அப்படிப் பின்னால் திருப்பும்போது ஊசிக்கு என்ன ஆகிறது என்பதில்தான் உன் முதல் கேள்விக்கான பதில் தொடங்குகிறது. அதற்கு முன் எங்கள் தோட்டத்து செட்டுக்காரரைப் பற்றி ஒரு வார்த்தை.

மாரியம்மன் திருவிழாவுக்கு ஸ்பீக்கர் கட்ட வருகிற அவரைச் சின்ன வயதில் நாங்கள் சாமிக்கு அடுத்தபடியாகப் பார்த்தோம். சவுக்கு மரத்தில் ஒலிபெருக்கிக் குழாயைக் கட்டிவிட்டு, கோயில் திண்ணையில் பெட்டியைத் திறப்பார். பெரிய தப்பு முழங்கும்போது திண்ணையே அதிரும், தட்டில் ஊசி துள்ளும். அவர் சட்டைப் பையில் இருந்து இருபத்தைந்து சதக் காசை எடுத்து ஊசித் தலையின் மேல் வைப்பார். துள்ளல் நின்றுவிடும். எங்களுக்கு அது மந்திரம். பல வருடம் கழித்து அவருடைய தட்டுகள் சில என் கைக்கு வந்தன. போட்டுப் பார்த்தேன். டி.எம்.எஸ். குரலுக்குப் பின்னால் அடைமழை பெய்தது. அந்தக் காசு ஒவ்வொரு திருவிழாவிலும் கொஞ்சம் கொஞ்சமாகப் பாட்டைச் சுரண்டித் தின்றிருக்கிறது. அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. சரியான ஊசி அவருக்குக் கிடைக்கவில்லை, எது சரியான ஊசி என்று சொல்வதற்கு ஆளும் இல்லை. உனக்கு அந்தச் சாக்கு இல்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். கவனமாகப் படி.

மலையில் கான் வெட்டிப் பார்த்திருக்கிறாய். இசைத்தட்டில் இருப்பதும் ஒரு கான்தான். கண்ணுக்குத் தெரியாத, இருபுறமும் சரிந்த V வடிவக் கான். ஸ்டீரியோ தட்டில் ஒரு கரை இடது ஸ்பீக்கருக்கு, மறு கரை வலது ஸ்பீக்கருக்கு. கரைகளின் மேடு பள்ளங்களே பாட்டு. பன்னிரண்டு அங்குலத் தட்டில் இருபது நிமிடம் ஓடுகிற ஒரு பக்கத்தை நீட்டிப் பிடித்தால் ஏறக்குறைய 400 மீற்றர் வரும். அந்தக் கானுக்குள் இறங்கி ஓடுகிற வைர முனையின் வடிவம்தான் நீ முதலில் தீர்மானிக்க வேண்டியது.

முனை இரண்டு வகை என்று வைத்துக்கொள். உருண்டை முனை ஒன்று. அதன் ஆரம் ஏறக்குறைய 18 மைக்ரோன், ஒரு மில்லிமீற்றரை ஆயிரமாக வெட்டினால் அதில் பதினெட்டுத் துண்டு. நீள்வட்ட முனை மற்றொன்று. அது ஒரு பக்கம் ஒடுங்கியிருப்பதால் கரையின் நுணுக்கமான மேடு பள்ளங்களுக்குள்ளும் போய் வரும். கேட்க நீள்வட்டம்தான் இனிமை, சலங்கையும் தாளமும் சுத்தமாக விழும். வீட்டில் சாய்ந்து உட்கார்ந்து இளையராஜா கேட்க வேண்டுமென்றால் அதையே வாங்கு. ஆனால் தட்டை முன்னும் பின்னும் இழுத்துக் கீற வேண்டுமென்றால் கதை வேறு. முன்னோக்கி ஓடப் பிறந்த ஒடுங்கிய முனையைப் பின்னால் தள்ளும்போது அது கரையைப் பிராண்டும், கானை விட்டு ஏறவும் பார்க்கும். உருண்டைக்கு முன்னும் பின்னும் ஒன்றே. நுணுக்கம் கொஞ்சம் குறையும், ஆனால் இடத்தை விட்டு நகராது. நானுஓயாவில் இருந்து நம் கந்தப்பளை வழியாக இராகலைக்கு ஒரு காலத்தில் இரண்டரை அடி அகலத் தண்டவாளத்தில் சின்ன ரயில் ஓடியது, தாத்தாமார் சொல்லிக் கேட்டிருப்பாய். இந்த மலை வளைவில் அந்த ரயிலுக்கு வேகம் முக்கியமா, தண்டவாளத்தில் நிற்பது முக்கியமா?

இதை எனக்கு முன்பே, நம்மைவிடக் கஷ்டமான இடத்தில் இருந்து ஒருவன் கண்டுபிடித்துவிட்டான். ஜோசப் சாட்லர். 1958-இல் பார்படோஸ் தீவில் பிறந்தவன். கரும்புத் தோட்டத்துக்கு அடிமைகளைக் கப்பலில் கொண்டுவந்து இறக்கிய தீவு அது. குடும்பம் நியூயோர்க்கின் பிராங்ஸுக்குப் போனது. 1970-களின் பிராங்ஸ் என்றால் எரிந்துபோன கட்டடங்கள், வேலையில்லாத் தெருக்கள். பையன் தொழிற்பாடசாலையில் மின்னணுவியல் படித்தான். குப்பையில் கிடந்த வானொலிப் பெட்டிகளைப் பிரித்துப் பார்த்தான். உருண்டை முனை, நீள்வட்ட முனை இரண்டையும் தன் கையால் சோதித்து, கேட்பதற்கு நல்லது ஒன்று, பின்னால் இழுத்தாலும் நிற்பது இன்னொன்று என்று தானே கண்டான். தட்டுக்கு அடியில் இருந்த இறப்பர் விரிப்பு தட்டைப் பிடித்து இழுப்பதைப் பார்த்து, கம்பளித் துணியை வட்டமாக வெட்டினான். துணி தொளதொளவென்று கிடந்தது. தாய் தையல்காரி. வீட்டில் கஞ்சிப் பசை இருந்தது, இஸ்திரிப் பெட்டி இருந்தது. துணிக்குக் கஞ்சி போட்டுத் தேய்த்து விறைப்பாக்கினான். இன்று உலகத்து டிஜே ஒவ்வொருவனும் தட்டுக்கு அடியில் போடுகிற வழுக்கு விரிப்பின் கதை அதுதான். அவனைத்தான் உலகம் கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ் என்கிறது.

கஞ்சிப் பசையும் இஸ்திரிப் பெட்டியும் உன் லயத்தில் இல்லையா? பாடசாலைச் சட்டைக்கு உன் அம்மா கஞ்சி போட்டதில்லையா?

ஆக, மேடைக்கும் கீறலுக்கும் உருண்டை. அடுத்து கனம். ஊசியைத் தாங்குகிற சின்னப் பெட்டிக்குக் கார்ட்ரிட்ஜ் என்று பெயர். வீட்டில் கேட்கிற கார்ட்ரிட்ஜ்கள் பலவும் ஒன்றரை, இரண்டு கிராமில் ஓடும். டிஜே கார்ட்ரிட்ஜ்கள் மூன்று, நான்கு வரை கேட்கும். டென்மார்க்கின் ஓர்டோஃபோன் நிறுவனம் தன் கொன்கோர்ட் வரிசையில் ‘ஸ்க்ராட்ச்’ என்ற ஊசிக்கு நான்கு கிராம் போடச் சொல்கிறது. ஒவ்வொரு ஊசிக்கும் செய்தவன் எழுதிய எல்லை பெட்டியிலேயே இருக்கும், அந்த எல்லைக்குள் நில். ஊசிக்கையின் பின்னால் இருக்கிற கனத்தைத் திருகி, கை கீழேயும் போகாமல் மேலேயும் எழாமல் காற்றில் மிதக்கும்போது சுழியத்தை வை. பிறகு மூன்றுக்குத் திருப்பு. மின்தராசில் வைத்துச் சரிபார். காசு வைக்கிற வேலை வேண்டாம். துள்ளுகிறது என்றால் காரணம் வேறு எங்கோ இருக்கிறது. கனத்தை ஏற்றி அதை மூடாதே.

மூன்றாவது, ஊசி தருகிற ஒலியின் பலம். மில்லிவோல்ட்டில் சொல்வார்கள். வீட்டு ஊசிகள் மூன்று முதல் ஐந்து வரை தரும். கீறுகிறவர்கள் முப்பது வருடம் கொண்டாடிய ஷூர் எம்44-7 ஒன்பதரை தந்தது. 1960-களில் வீட்டுக்காகப் பிறந்த கார்ட்ரிட்ஜ் அது. அதைச் செய்தவர்களே எதிர்பாராத இடத்தில் போய்ப் புகழ் பெற்றது. நல்ல காலம் நிலைக்கவில்லை. 2018-இல் ஷூர் நிறுவனம் ஊசித் தொழிலையே மூடிவிட்டது. உலகத்து டிஜேக்கள் தலையில் கை வைத்துக்கொண்டார்கள். பதுக்கினவன் பதுக்கினான், போலி செய்தவன் போலி செய்தான். இன்றும் ‘ஷூர் ஊசி, புதுசு, மலிவு’ என்று எவனாவது நீட்டினால் கையைப் பின்னால் கட்டிக்கொள்.

அந்தக் காலி இடத்துக்கு யார் வந்தார்கள் என்பது எனக்குப் பிடித்த பகுதி. ஜப்பானில் ஜிகோ என்று ஒரு நிறுவனம். 1873-இல் தையல் ஊசி செய்யத் தொடங்கியவர்கள். துணி தைக்கிற ஊசியில் இருந்து கிராமபோன் ஊசிக்கு வந்து, அங்கிருந்து வைர முனைக்கு வந்தார்கள். இன்று பழைய எம்44-7-க்கு மாற்று ஊசி வேண்டுமென்றால் அவர்கள் கதவைத்தான் தட்ட வேண்டும். நுனியைக் கூராக்கும் கைவேலை மட்டும் அவர்களை விட்டுப் போகவில்லை. கவ்வாத்துக் கத்தியைக் கல்லில் தீட்டுகிற உன் அப்பாவைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறாயா? எந்தக் கோணத்தில் சாய்க்கிறார், எப்போது நிறுத்துகிறார் என்று? பார்.

(நம்மூரில் ‘முள்ளு’ என்றால் மண் குத்துகிற முள்ளுத்தான். கிராமபோன் ஊசியையும் பழையவர்கள் முள் என்றார்கள். ஒன்று பத்துக் கிலோ மண்ணைப் புரட்டுகிறது, இன்னொன்று மூன்று கிராமில் நிற்கிறது. இரண்டும் சரியான கையில்தான் வேலை செய்யும்.)

விலை கேட்டதும் உன் மனம் சுருங்கும், தெரியும். ஆயிரம் ரூபாய் நாட்கூலி என்ற ஒற்றை எண்ணுக்காக நம் சனம் வருடக் கணக்கில் தெருவில் நின்று, 2021-இல்தான் அது வர்த்தமானியில் ஏறியது. நல்ல டிஜே ஊசி ஒரு ஜோடி பல வாரத்துக் கூலியை விழுங்கும். அதனால்தான் சொல்கிறேன், பெயரைப் பார்த்து வாங்காதே, வேலையைப் பார்த்து வாங்கு. தலையும் கார்ட்ரிட்ஜும் ஒரே துண்டாக வருகிற கொன்கோர்ட் வடிவம் அழகு, ஊசிக்கையில் நேரே சொருகலாம், அளவு பார்க்கும் தொல்லை இல்லை. ஆனால் காசு கூட. ஊசிக்கையின் தலையில் இரண்டு திருகாணியால் பொருத்துகிற சாதாரண வடிவம் மலிவு, வேலை அதே வேலை. அதை வாங்கி நீயே பொருத்து. பின்னால் நான்கு மெல்லிய கம்பி இருக்கும். வெள்ளையும் நீலமும் இடதுக்கு, சிவப்பும் பச்சையும் வலதுக்கு. திருகாணிகளுக்கு இடையே அரை அங்குலம். டெக்னிக்ஸ் வகை டர்ன்டேபிள் என்றால் ஊசித்தலை கழுத்தில் முட்டுகிற இடத்தில் இருந்து முனைவரை 52 மில்லிமீற்றர் வை. முன்பக்கத்தில் இருந்து கண் மட்டத்தில் பார், தலை ஒரு பக்கம் சாயக் கூடாது. கீறும்போது ஊசியை வெளிப்பக்கம் இழுக்கிற ‘அன்டி-ஸ்கேட்’ திருகைச் சுழியத்தில் விடு.

கை நடுங்குமே என்கிறாயா? நடுங்கட்டும்! ஒரு மொட்டு இரண்டு இலை என்று, பனியில் மரத்த விரலால், முற்றின இலையைத் தொடாமல் நாள் முழுக்கக் கிள்ளுகிற அக்காமாரைப் பார். கண் வேறெங்கோ இருக்கும், வாய் கதை பேசும், விரல் தவறாது. உலகத்தில் எந்த ஊசிக் கம்பெனியும் அந்த விரலை விலைக்கு வாங்க முடியாது. அந்த வீட்டுப் பிள்ளை நீ. நான்கு கம்பியைச் சொருகுவதற்கு உனக்கு நடுக்கமா?

தங்கச்சி, நீயும் கேள். பொம்பளைப் பிள்ளைக்கு ஸ்பீக்கர் செட்டில் என்ன வேலை என்று கேட்பார்கள். ராஜேஸ்வரி சண்முகத்தின் குரல் எத்தனை லயத்துக் காம்பிராவுக்குள் வந்து போனது என்று அவர்களையே கேள். இந்த மலையில் நுட்பமான விரல் யாரிடம் இருக்கிறது என்று துரைக்கும் தெரியும், கங்காணிக்கும் தெரியும். கூலிப் புத்தகத்தில் மட்டும்தான் அது ஏறவில்லை. ஊசியை நீ எடு.

கந்தப்பளைக்கே உரிய ஒரு சங்கடம் இருக்கிறது, எந்த நகரத்துக்காரனும் உனக்கு இதைச் சொல்லமாட்டான். குளிர். கார்ட்ரிட்ஜுக்குள் வைர முனையைத் தாங்குகிற சின்னத் தண்டு ஒரு துளி இறப்பரில்தான் ஆடுகிறது. அந்த இறப்பர் இருபது பாகைக்கு மேல் வெப்பம் இருந்தால் இளகி வேலை செய்யும். நம்மூரில் ஜனவரி, பெப்ரவரி விடியலில் தேயிலைச் செடியே உறைபனியில் கருகுகிறது. ராத்திரித் திருவிழாவில் அந்தக் குளிரில் ஊசியை எடுத்ததும் போட்டால் இறப்பர் விறைத்திருக்கும். ஊசி கானைச் சரியாகத் தொடராது, துள்ளும். நீ உடனே கனத்தை ஏற்றுவாய். அங்கேதான் செட்டுக்காரரின் இருபத்தைந்து சதக் காசு மறுபடி வந்து உட்கார்கிறது.

இதற்கு வழி உனக்கு ஏற்கனவே தெரியும். தப்படிக்கிறவர்கள் என்ன செய்கிறார்கள்? வந்ததும் அடிக்கிறார்களா? சருகையும் கடதாசியையும் கொளுத்தி, தோலைக் காய்ச்சி, விரலால் தட்டிப் பார்த்து, ஒலி எழும்பிய பிறகுதானே அடியை எடுக்கிறார்கள். நீயும் முதலில் ஊசியைச் சூடாக்கு. நெருப்பில் காட்டிவிடாதே. சட்டைப் பையில், உடம்புச் சூட்டில் பெட்டியோடு வைத்திரு. மேடையில் பொருத்திய பிறகு பழைய தட்டு ஒன்றைச் சத்தமில்லாமல் ஓடவிட்டு, பிறகு தொடங்கு. தப்பு காய்ச்சத் தெரிந்த சனத்துக்கு இதுவா பெரிய வித்தை?

துள்ளலுக்கு இன்னொரு காரணம் அதிர்வு. ஸ்பீக்கரின் அடி ஒலி மேசை வழியாக ஏறி ஊசிக்குள் புகும். ஊசி அதையும் பாட்டென்று நினைத்து ஸ்பீக்கருக்கே அனுப்பும். ஊ என்று ஓலம் எழும். டர்ன்டேபிளை ஸ்பீக்கருக்குத் தள்ளி வை. காற்றடித்த பழைய டியூப்பின் மேல் கனமான கொங்கிரீட் பலகை, அதன் மேல் டர்ன்டேபிள். பெரிய ஊர்களில் பெரிய டிஜேக்களும் இதைத்தான் செய்கிறார்கள். பழைய டியூப் கிடைக்காத ஊரா நம் ஊர்?

மூடுபனி ஏறுகிற ஊரில் தட்டுக்குப் பூஞ்சணமும் பிடிக்கும். அட்டையோடு ஈரச் சுவரில் சாய்த்து வைக்காதே, நிமிர்த்தி உயரத்தில் வை. ஊசியின் மூக்கில் சேரும் அழுக்கை மெல்லிய தூரிகையால் பின்னிருந்து முன்னாக மட்டும் தட்டு.

“லெப்டொப் இருக்கிறபோது தட்டு எதுக்கு?” என்று ஒரு மேதாவி கேட்பான். அவனையும் கூட்டு சேர்த்துக்கொள். நேரக்குறித் தட்டு என்று ஒன்று இருக்கிறது. அதில் பாட்டு கிடையாது, ஒரே ஒரு சீரான ஒலியும் அதற்குள் மறைந்த எண்களும்தான். ஊசி அதைப் படித்து, தட்டு எந்த இடத்தில், எந்தத் திசையில், எந்த வேகத்தில் ஓடுகிறது என்று கணினிக்குச் சொல்லும். கணினியில் இருக்கிற எந்தப் பாட்டையும் உன் விரலால் முன்னும் பின்னும் இழுக்கலாம். தமிழ்த் தட்டு ஒன்றுக்காகக் கொழும்புப் பழைய கடைகளில் நீ தூசி தட்டி அலைய வேண்டாம். ‘சின்ன மாமியே’ முதல் நேற்று வந்த பாட்டு வரை ஒரே தட்டில். இதற்கு நீள்வட்ட முனையின் இனிமை வீண் செலவு, நல்ல பலமான உருண்டை முனை ஒரு ஜோடி போதும். இரண்டு டர்ன்டேபிளுக்கும் ஒரே வகை ஊசி போடு. ஒன்று உரக்கவும் ஒன்று மெதுவாகவும் பேசினால் நீ பாட்டைக் கலப்பதை விட்டுவிட்டு இரண்டையும் சமாதானம் செய்துகொண்டிருப்பாய்.

அந்தப் புடவைக் கடைப் பையன் கடைசியில் என்ன வாங்கினான் என்று கேட்கிறாயா? சாதாரண வடிவ உருண்டை முனை, ஒரு ஜோடி. கூடவே மின்தராசு ஒன்று. லயத்து இஸ்தோப்பில் உட்கார்ந்து அவனே பொருத்தினான். முதல் தடவை சிவப்புக் கம்பியையும் வெள்ளைக் கம்பியையும் மாற்றிச் சொருகிவிட்டான், இடது வலதாகக் கேட்டது. யாரும் சாகவில்லை. பிரித்து மாற்றினான்.

வைரமும் தேயும். ஓடியோ-டெக்னிக்கா நிறுவனம் தன் உருண்டை முனைக்கு 500 மணி நேரம், நீள்வட்ட முனைக்கு 300 என்று கணக்குச் சொல்கிறது. கீறுகிறவன் கையில் அது இன்னும் சுருங்கும். தேய்ந்த ஊசி உளியாகி நல்ல தட்டையும் வெட்டிவிடும். அதனால் டர்ன்டேபிள் மூடியின் உள்பக்கத்தில் ஒரு கடதாசி ஒட்டு. உன் செக்ரோல் என்று வைத்துக்கொள். திகதி, எத்தனை மணி நேரம், எத்தனை கிராம். இன்றைக்கு ஒரு மணி நேரம் ஓட்டினாயா, ஒரு மணி நேரம் என்று எழுது.